என் கணவர் கண்ட பனிக்கோழி

என் கணவர் பனிக்கோழியை முதன்முதலாகக் கண்டது 1993 மே மாதத்தில். 92 என்று அவர் இன்றும் சாதிப்பார். 93தான். அந்த வருடம் மார்ச்சில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கியிருந்தோம். பனிக்கோழியைக் கண்டதைச் சொன்னபோது அவர் வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு இடது கையால் அந்தக் காரின் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், உம்மட கோழியை இண்டைக்குக் கண்டனான்."

"எந்தக் கோழி?"

"நீர் புத்தகத்திலை வச்சுப் பாத்துக்கொண்டிருப்பீரே, அதுதான். குசினிப் பின்கதவடியிலை நிண்டுது. நான் சிகரெட் பத்திக்கொண்டு நிண்டனான். அதுவும் நிண்டுது. ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

பிறகு, "கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் காணாது" என்றார்.

மேசையில் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் உப்புப் போத்தலைத் தேடி எடுக்கத் தெரியாத மனிதர் அவர். அந்தக் கண்ணில்தான் அது பட்டிருக்கிறது. நான் அன்று மேற்கொண்டு சாப்பிடவில்லை.

நாங்கள் இருந்தது ஜேர்மனியின் தெற்கு பவேரியாவில், மலையடியில் ஒரு சிறு நகரம். நான் ஒரு விடுதியின் சலவை அறையில் படுக்கை விரிப்புகள் தோய்த்து அழுத்தும் வேலை செய்தேன். அவருக்கு மலையுச்சியில், கேபிள் கார் போய் நிற்கும் இடத்து உணவகத்தின் சமையலறையில் குசினி வேலை. வார இறுதிகளில் ஆட்கள் கூட வருவார்கள் என்பதால் வெள்ளியும் சனியும் மேலேயே, பணியாளர் அறையில் தங்கிவிடுவார். என் வேலை மத்தியானத்தோடு முடியும். மாலை வரைக்கும் எனக்கு நகர நூலகம்தான் வீடு. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். கடல் பயணங்கள், பழைய அரசர்களின் வரிக் கணக்குகள், கிழங்குகள் ஐரோப்பாவுக்கு வந்த கதை. அப்படித்தான் 1991 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைப் பறவைகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் ஜேர்மன்காரர் பனிக்கோழி என்று சொல்லும் பறவையைச் சந்தித்தேன்.

மாரியில் உடம்பு முழுக்க வெள்ளை, வாலில் மட்டும் கறுப்பு. கோடையில் கல்லோடு கல்லாகச் சாம்பலும் பழுப்பும். கால்விரல்வரை இறகு, சப்பாத்துப் போட்டதுபோல. மற்றப் பறவைகள் குளிருக்குப் பயந்து கீழே இறங்கினாலும் கண்டம்விட்டுப் போனாலும் இது மரங்கள் முடிகிற எல்லைக்கு மேலே, பனியில் குழி தோண்டி அதற்குள் இருந்துகொள்ளும். பனியுகம் முடிந்து பனி வடக்கே பின்வாங்கியபோது இவற்றின் இனம் பெரும்பாலும் அதன் பின்னாலேயே போய்விட்டது. கொஞ்சம் மட்டும் உயரம் இருந்தால் போதும் என்று மலைகளில் ஏறித் தங்கிவிட்டன.

எந்த உயிர் ஒரு நாட்டில் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று தரம் பிரித்துச் சொல்லும் சிவப்புப் பட்டியலில் இதன் நிலையைத் தேடினேன். மிக அரிது என்றிருந்தது. வேகமாகக் குறைந்துகொண்டு போகிறது என்பதால் அல்ல, ஜேர்மனிக்குள் இதற்கு இருக்கிற இடமே அவ்வளவுதான் என்பதால். நாட்டின் தெற்கு ஓரத்தில், சில மலைகளின் மேல்விளிம்பு மட்டும். எல்லை தாண்டினால் ஒஸ்திரியாவிலும் சுவிஸிலும் தாராளம். நோர்வே, சைபீரியா, கனடா என்று வடக்கே மரமில்லாத நிலமெல்லாம் இதன் வீடு. ஐஸ்லாந்தில் கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்குச் சமைத்தே சாப்பிடுகிறார்கள். ஆகவே அரிது என்பது பறவையின் குணமல்ல, கோடு போடுகிறவர் எங்கே போடுகிறார் என்பதைப் பொறுத்தது. இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஜேர்மனியின் வேட்டைச் சட்டத்தில் இது வேட்டைப் பறவை. ஆனால் வருடம் முழுக்கச் சுடத் தடை.

இதை அவருக்கு விளக்கியபோது, "சுடேலாத கோழிக்கு என்னத்துக்கு வேட்டைச் சட்டம்?" என்று கேட்டார். "ஐஸ்லாந்துக்காரன்தான் விசயம் தெரிஞ்சவன். சரக்குத்தூள் போட்டுக் கறி வச்சிருப்பான்."

1992 தொடக்கத்தில் நான் எங்கள் நகரத்துப் பறவைப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை ஒரு மதுச்சாலையின் பின்னறையில் கூடுவார்கள். தலைவர் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றவர். எது எப்போது நடந்தது என்று சரியாகச் சொல்வதில் எனக்கு இருக்கும் பைத்தியம் அவருக்கும் இருந்தது. யாராவது "போன வசந்தத்தில்" என்று தொடங்கினால் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "எந்த மாதம்?" என்று கேட்போம். ஒவ்வொரு வருடமும் ஜூன் தொடக்கத்தில் குழு பனிக்கோழிகளைக் கணக்கெடுக்கும். சேவல்கள் விடியலில் கூவும்போது குறித்த இடங்களில் அசையாமல் இருந்து கேட்க வேண்டும். ஓரிடத்துக்கு இரண்டு பேர்தான். கூடினால் பறவை கலைந்துவிடும். அந்த இரண்டு பேரில் ஒருவராக வேண்டும், அந்தப் பறவையை ஒரு தரமாவது என் கண்ணால் காண வேண்டும். எனக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். அதற்காக அதன் குரலை ஒலிநாடாவில் போட்டுப் பழகினேன். "கதவுக்கு எண்ணெய் விடுமப்பா, கிறீச்சிடுது" என்று பக்கத்து அறையிலிருந்து அவர் சத்தம் போடுவார்.

அவர் கண்ட பிறகு, விடுமுறை கிடைத்த நாளெல்லாம் நானும் மேலே போனேன். மூடுபனி இருந்தது. கல் இருந்தது. கல்லைப் பறவை என்று பார்த்துப் பார்த்துக் கண் நொந்தது. தேத்தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனால் அவர் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடுவார்.

"ஐயோ, இப்பதான் இதாலை போனது. ஒரு நிமிசம் முந்தி வந்திருந்தீர் எண்டால்!"

"எப்பிடி இருந்தது?"

"எப்பிடி எண்டால்? கோழி மாதிரித்தான். கண்ணுக்கு மேலை பொட்டு வச்ச மாதிரிச் சிவப்பு. நல்ல வடிவு."

நல்ல வடிவு! இரண்டு வருடமாக நான் படித்ததையெல்லாம் அந்த ஒரு சொல்லில் முடித்துவிட்டார். எங்கே நின்றது, எந்தப் பக்கம் போனது, இறகில் வெள்ளை எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. மே மாதத்தில் 'உம்மட கோழி'யாக இருந்தது ஓகஸ்டில், நாங்கள் மரக்கறி வாங்க மியூனிக் போனபோது, தமிழ்க் கடைக்காரரிடம் 'என்ர கோழி'யாகிவிட்டது. "அண்ணை, என்ர கோழி ஒண்டு மேலை நிக்குது. கோடிக் காசு குடுத்தாலும் இந்த நாட்டிலை காணேலாது" என்று சொன்னார். நான் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் குழுவில் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்துச் சரிவில் பனிக்கோழி இருக்கிறது என்ற தகவல் குழுவிடம் பல காலமாக இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. செப்டெம்பர் கூட்டத்தில் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் கணவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்" என்றார்.

ஒக்டோபர் கூட்டத்துக்கு அவர் கோயிலுக்குப் போடுகிற பட்டுச் சட்டையோடு வந்தார். எல்லோரும் எழுந்து கை கொடுத்தார்கள். நான் சேர்ந்த அன்று ஒருவர் கதிரையை நகர்த்தி இடம் விட்டார், அவ்வளவுதான். என் கணவருடைய ஜேர்மன் குசினி ஜேர்மன். சட்டி, கத்தி, கெதியாய், முடிந்தது என்பவற்றைத் தாண்டாது. ஆகவே மொழிபெயர்க்க வேண்டியவள் நான்.

"சொல்லும், அது எனக்குப் பயப்பிடேல்லை எண்டு."

நான் ஜேர்மனில் சொன்னேன். பின்னறை முழுக்க "ஆ!" என்றது.

"சொல்லும், சில நாளிலை ரெண்டு வரும் எண்டு."

"ரெண்டு வந்ததெண்டு எனக்கு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே?"

"நீர் கேக்கேல்லையே. சொல்லும், சொல்லும், பாத்துக்கொண்டிருக்கினம்."

சொன்னேன். சோடி! தலைவர் அவருடைய தோளில் தட்டினார். யாரோ பியர் கொண்டுவந்து வைத்தார்கள். என் வாயாலேயே அவருக்கு மாலை கட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லைக் குறைத்துச் சொல்லவும் என் திகதிப் புத்தி இடம் கொடுக்கவில்லை. கடைசியில் தலைவர் முடிவைச் சொன்னார். வரும் ஜூனில் அந்தச் சரிவில் புதிதாக ஓர் இடம் போடப்படும். அங்கே தலைவரும் என் கணவரும் இருப்பார்கள். மேலேயே தங்குகிறவர், இடமும் தெரிந்தவர் என்பது காரணம். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

"ஓம் எண்டு சொல்லும்" என்றார் அவர், உப்புப் பிரெட்செல் முறுக்கு ஒன்றைக் கடித்தபடி.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் யன்னல் பக்கம் திரும்பிச் சால்வையை இறுக்கிக்கொண்டேன். "குளிருதோ?" என்று கேட்டுக் காரின் சூட்டைக் கூட்டிவிட்டார்.

1994 ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் மேலே போனேன். குசினிப் பின்கதவால் போனபோது அவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார். பனி உருகியிருந்த ஒரு தட்டைக் கல்லில், ஒரு முட்டைக்கோவா இலையில், சோறு. அதில் பருப்பு, கொஞ்சம் எள்ளு. "கா, கா" என்று மெல்லக் கூப்பிட்டார். மஞ்சள் சொண்டுள்ள சிறிய மலைக்காகங்கள் பத்துப் பன்னிரண்டு உடனே வந்து இறங்கின. அவற்றுக்குப் பின்னால், அவசரமில்லாமல், இரண்டு அண்டங்காகங்கள். அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமையில் காகத்துக்குச் சோறு வைக்காமல் அவர் சாப்பிடுவதில்லை. அதைவிட, 1989 ஆனியில் யாழ்ப்பாணத்தில் மாமா, அவருடைய ஐயா, காலமானபோது மூத்த மகனான அவர் இங்கே இருந்தார். போக வழியில்லை. கொள்ளி வைத்தது தம்பி. அதிலிருந்து காகத்துக்கு வைக்கிற சோறு அவருக்குச் சோறு மட்டுமல்ல. கீழே, வீட்டு மாடத்தில் வைத்துப் பார்த்தார். புறாக்கள்தான் வந்தன. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி சண்டைக்கு வந்ததோடு நிறுத்தினார். நிறுத்திவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"எவ்வளவு காலமா இஞ்சை வைக்கிறியள்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "போன வருசம் தொடக்கம். பாரும், கூப்பிட்ட உடனை வருகுதுகள். ஊர்க் காகம்கூட இப்பிடி வராது."

"ஒவ்வொரு சனியுமோ?"

"ஒவ்வொரு சனியும்."

பனிக்கோழி தரையில்தான் முட்டையிடும். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான் கூடு. மனிதர் சாப்பாடு போடுகிற இடத்துக்கு அண்டங்காகம் மலையேறி வந்து பழகிவிட்டால், சோறு தீர்ந்த பிறகு சும்மா திரும்பிப் போகாது. முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். கேபிள் கார்க் கம்பியில் அடிபடுவது, பனிச்சறுக்குக்காரர் மிதித்துக் கலைப்பது இவற்றோடு இதையும் மலைப்பறவைகளுக்கு ஆபத்து என்று புத்தகங்கள் சொல்லியிருந்தன. அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிறிய காகங்களால் பெரிய கெடுதி இல்லை, அந்தப் பெரியவைதான் என்றும் பிரித்துச் சொன்னேன்.

"நான் வைக்கிறது என்ர ஐயாவுக்கு."

"உங்கட ஐயா வந்து சோத்தையும் திண்டுபோட்டு முட்டையையும் குடிச்சிட்டுப் போறார்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. அவர் இலையைப் பார்த்தார். ஒரு அண்டங்காகம் பருப்பைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பொறுக்கியது.

"உமக்குப் பொறாமை" என்றார். "நான் கண்டனான், நீர் காணேல்லை. அதுதான் இப்ப என்ர காகத்திலை வந்து நிக்கிறீர்."

"பொறாமைதான். அதுக்காகக் காகம் முட்டை குடியாதெண்டு ஆகுமோ?"

அவர் உள்ளே போய்ச் சட்டிகளைப் பெரிய சத்தத்தோடு கழுவத் தொடங்கினார். நான் அடுத்த வண்டியில் கீழே இறங்கினேன். பொறாமையும் உண்மையும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

மே மாதக் கூட்டத்துக்குத் தானாகவே வந்தார், சாதாரணச் சட்டையில். இடங்கள் உறுதிசெய்யப்படும் கூட்டம் அது. தலைவர் தொடங்குமுன் என் கணவர் என் முழங்கையைத் தொட்டார்.

"சொல்லும், சோறு வச்சு அண்டங்காகத்தை அங்கை பழக்கினது நான் எண்டு."

"என்னத்துக்கு இப்ப?"

"சொல்லும் எண்டால் சொல்லும். ஒண்டையும் விடாமல் சொல்லும். எள்ளையும் சொல்லும்."

சொன்னேன். எள்ளையும் சொன்னேன். ஐயாவையும், 1989 ஆனியையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், மொழிபெயர்க்கும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இனி இவரை அங்கே விடமாட்டார்கள், அந்த இடம் யாருக்குப் போகும்? தலைவர் மேசை விரிப்பின் மடிப்பை விரலால் நீவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்த உணவகத்து முற்றத்தில் விருந்தினர்கள் நாள் முழுக்க உருளைக்கிழங்குப் பொரியல் போடுகிறார்கள். குப்பைத் தொட்டிகளுக்கு மூடியே இல்லை. முதலாளியிடம் பல தடவை கேட்டுவிட்டேன். என்னைக் கண்டாலே அவர் மற்றப் பக்கம் திரும்புகிறார். இத்தனை பேரில் தன் கையால் போட்டதைத் தானே வந்து சொன்னவர் இவர் ஒருவர்தான். இனி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தொட்டி மூடி விஷயத்தை முதலாளியிடம் இவர் பேசுவாரா என்றும் கேளுங்கள்."

கேட்டேன். "ஓம், நான் கதைக்கிறன்" என்றார். மறுபடியும் தோளில் தட்டல். மறுபடியும் பியர். பிழை செய்ததற்கும் பெயர் அவருக்குத்தான்! ஜூன் மாதத் தொடக்கத்தில் தொட்டிகளுக்கு மூடி வந்தது. அவரும் தலைவரும் விடியலில் போயிருந்து இரண்டு சேவல்களைக் கேட்டு, ஒன்றைக் கண்டும் வந்தார்கள். நான் அன்று சலவை அறையில் விரிப்புகளின் மூலைகளைச் சரிபார்த்து மடித்தேன். எல்லாம் வெள்ளை.

என் முறை 1995இல் வந்தது. தலைவருக்கு முழங்கால் நோவு. அந்த இடத்துக்கு நானும் என் கணவரும் என்று முடிவானது. விடியுமுன் இருவரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பாறைக்குக் கீழே இருந்தோம். அவர் பற்கள் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "வாயை மூடுங்கோ" என்று கிசுகிசுத்தேன். "பல்லை எப்பிடியப்பா மூடுறது?" என்றார். முகில் ஏறி வந்து எங்களையும் மூடிக்கொண்டது. வெளிச்சம் வந்தும் ஒன்றும் தெரியவில்லை. காலைச் சாப்பாட்டுக்குக் குசினி திறக்க வேண்டும் என்று அவர் எழுந்து போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் கேட்டது. ஒலிநாடாவில் கேட்ட அதே எண்ணெய் காணாத கதவு, மிக அருகில், முகிலுக்குள். இரண்டாம் தரமும் கேட்டது. என் வலப்பக்கத்தில் எதுவோ கல்லில் நடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். வெள்ளை முகில். அதற்குள் எதுவும் இல்லை. பிறகு இறக்கைச் சத்தம், உணவகம் இருந்த திசையில்.

குசினிக்குப் போனபோது அவர் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. சொல்லாமல் விடத்தான் பார்த்தார், பாவம்.

"இப்பதான் போனதோ?" என்று நானே கேட்டேன்.

"இப்பதான்" என்றார். "தேத்தண்ணி ஊத்தட்டோ?"

அந்த வருடம் மாமாவின் திவசத்துக்கு வீட்டில் சமைத்து, காரில் எடுத்துக்கொண்டு, பள்ளத்தாக்கின் மறு கோடியில் ஆற்றங்கரை வயல் பக்கம் போனோம். பனிக்கோழி ஒருநாளும் இறங்கி வராத இடம். வீடுகளும் இல்லை. புல் வெட்டிய வயலின் ஓரத்தில் ஒரு வேலிக்கட்டையின் மேல் இலையை வைத்தார். "கா, கா" என்றார். காத்துக்கொண்டு நின்றோம். தூரத்து மரங்களில் காகம் கத்தியது, வரவில்லை. காகம் எடுக்காமல் அவர் சாப்பிடமாட்டார். வெயில் ஏறியது. இடக்கையால் நெற்றியில் நிழல் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி அவர் நின்றதைப் பார்த்தேன். மலைச்சரிவில் நான் அப்படித்தான் நின்றிருப்பேன்.

"தண்ணிப் போத்தல் காருக்கை கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்" என்று போனார்.

அவர் காரின் கதவைத் திறந்து குனிந்த நேரம், என் தலைக்கு மேலால் ஒரு காகம் வந்தது. சாதாரணக் கறுப்புக் காகம். கட்டையில் இருந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஒரு வாய் சோறு, பிறகு ஒரு துண்டு வாழைக்காய். எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு மேலால் போய்விட்டது. கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிட்டால் அது பயந்துவிடும் என்று திறந்த வாயோடு நின்றேன்.

அவர் போத்தலோடு வந்தார். இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வந்ததோ?"

"இப்பதான் போனது."

"எப்பிடி... எந்தப் பக்கத்தாலை வந்தது? சோத்தை முதல் எடுத்ததோ, கறியையோ?"

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். எந்தப் பக்கம் வந்தது, எங்கே இருந்தது, முதலில் எதை எடுத்தது, எந்தப் பக்கம் போனது என்று. அவர் ஒவ்வொன்றையும் இரண்டாம் தரம் கேட்டார். அவர் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் அதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"நீர் கண்டனீர்" என்றார், ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு.

பிறகு புல்லில் துணி விரித்து, சாப்பாட்டைப் பிரித்து, எனக்கு முதலில் பரிமாறினார்.